'மியூசிக் இஸ் மை ஸ்ட்ரெஸ் பஸ்டர்' என்று சொன்னால் போதுமா? ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் தேர்வில் இசையும் மூடும் - மணலூர்பேட்டை மேளத்தை வைத்தே பதில் சொல்லலாம்!

"உங்க மூடுக்கு ஏத்த மாதிரி பாட்டு கேட்பீங்களா?"

டீக்கடையில் யாராவது இப்படிக் கேட்டால் பத்து நிமிஷம் பேசுவோம். பஸ்ஸில் கேட்ட பாட்டு, கல்யாணத்தில் ஆடிய பாட்டு, ஒரு ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட பாட்டு என்று வரிசையாக வந்து விழும். அதே கேள்வியை ஆங்கிலத்தில், எதிரே ஒரு எக்ஸாமினர் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால்? "எஸ், மியூசிக் இஸ் மை ஸ்ட்ரெஸ் பஸ்டர்" என்று ஒரு வரி வரும். அப்புறம் அமைதி.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் ஐஇஎல்டிஎஸ் எழுதும் நம்மூர் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் இந்த ஸ்பீக்கிங் தேர்வுதான். இசை பற்றிய கேள்வி அதில் அடிக்கடி வரக்கூடிய ஒன்று. பார்க்க ரொம்ப ஈஸியான கேள்வி. அதனாலேயே யாரும் இதற்குத் தயாராவதில்லை, அல்லது யாரோ எழுதிக்கொடுத்த பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள்.

இதில் என்ன போகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்குள்ள நர்சிங் கவுன்சில் ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்கில் 7 கேட்கிறது. லிசனிங், ரீடிங்கிலும் 7 வேண்டும். ரைட்டிங்கில் மட்டும் 6.5 போதும். ஸ்பீக்கிங்கில் 6.5 வாங்கினால் அரை மார்க்தான் குறைவு, ஆனால் கதவு திறக்காது. தேர்வுக் கட்டணமோ இந்தியாவில் 17 ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. கள்ளக்குறிச்சி பக்கத்துக் கிராமத்தில் கரும்பு வெட்டப் போகும் குடும்பத்தில் இது பல வாரக் கூலி.

தேர்வு எப்படி நடக்கும்?

ஸ்பீக்கிங் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான். மூன்று பகுதிகள்.

முதல் பகுதி 4 முதல் 5 நிமிடம். ஊர், வேலை, படிப்பு, பழக்கவழக்கம் என்று சாதாரண கேள்விகள். "எந்த மாதிரி பாட்டு கேட்பீர்கள்?", "பாட்டு கேட்டால் உங்கள் மூட் மாறுமா?" போன்றவை இங்கேதான் வரும்.

இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள். 'உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள், அதை முதலில் எங்கே கேட்டீர்கள், அது உங்களுக்குள் என்ன உணர்வை ஏற்படுத்துகிறது' என்பது போல அதில் இருக்கும். குறிப்பெடுக்க ஒரு நிமிடம், பேச ஒன்று முதல் இரண்டு நிமிடம்.

மூன்றாம் பகுதி மறுபடி 4 முதல் 5 நிமிடம். அதே விஷயத்தைப் பொதுவாக விவாதிக்க வேண்டும். "மக்கள் ஏன் சோகப் பாட்டு கேட்கிறார்கள்?", "திருவிழாக்களில் இசைக்கு என்ன வேலை?" என்று கேள்வி கொஞ்சம் கனமாகும்.

மார்க் நான்கு விஷயத்துக்கு. தடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை, தலா 25 சதவீதம். இந்தப் பட்டியலில் 'இசை அறிவு' இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் ரசனைக்கும் மார்க் கிடையாது. மொஸார்ட் என்று சொன்னால் கூடுதலாகவும், கானா என்று சொன்னால் குறைவாகவும் போட மாட்டார்கள். நீங்கள் சொல்வது உண்மையா என்றுகூட எக்ஸாமினர் சரிபார்க்கப் போவதில்லை. அதை எந்த ஆங்கிலத்தில் சொல்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

ஒரு உதாரணம். கோர்வைக்கு 7, உச்சரிப்புக்கு 7, சொல்வளத்துக்கு 6, இலக்கணத்துக்கு 6 என்றால் சராசரி 6.5. நன்றாகப் பேசினோமே என்று வெளியே வருபவர்கள் பலர் இந்த 6.5-ல்தான் நிற்கிறார்கள். அவர்களைக் கீழே இழுப்பது பயமோ, கூச்சமோ அல்ல. சொல்வளமும் இலக்கணமும்தான்.

மனப்பாடம் ஏன் மாட்டிக்கொள்கிறது?

யூடியூபில் 'பேண்ட் 9 ஆன்சர்' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் கொட்டும். "மியூசிக் இஸ் அன் இன்டக்ரல் பார்ட் ஆஃப் மை லைஃப்", "இட் சூத்ஸ் மை சோல்". கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எக்ஸாமினர் ஒரே நாளில் பல தேர்வர்களைப் பார்ப்பவர். ஒரே கோச்சிங் சென்டரில் இருந்து வந்த ஐந்து பேர் ஒரே வரியைச் சொன்னால் அவருக்குத் தெரியாமல் போகுமா?

மனப்பாட வரி மாட்டிக்கொள்வது அடுத்த வரியில். "சூத்ஸ் மை சோல்" என்று ராகமாகச் சொன்னவர், "எப்போது கடைசியாக அப்படி ஆனது?" என்று கேட்டவுடன் "யெஸ்டர்டே ஐ ஹியர் ஒன் சாங்" என்று இறங்கிவிடுவார். இரண்டுக்கும் இடையில் இருக்கும் பள்ளம்தான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. ஐஇஎல்டிஎஸ் வெளியிட்டிருக்கும் மார்க் விளக்க அட்டவணையிலேயே, மனப்பாடமாகத் தெரியும் வாக்கியங்களில் மட்டும் இலக்கணம் சரியாக இருந்து மற்ற இடங்களில் தவறுகள் குவிவது 3-ம் பேண்டின் அடையாளமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

அப்படியானால் என்ன சொல்வது? நீங்கள் உண்மையில் கேட்ட இசையை. அதைப் பற்றிய நினைவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தை மட்டும் தேடினால் போதும். கதையையும் சேர்த்துத் தேட வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசும்போது ஏற்படும் திக்கல் எல்லாம் வார்த்தை தெரியாததால் வருவதல்ல. பாதித் திக்கல், சொல்வதற்கு விஷயம் இல்லாததால் வருகிறது.

மணலூர்பேட்டையில் இருந்தே தொடங்கலாம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் பேரூராட்சி மணலூர்பேட்டை. பாலத்தைத் தாண்டினால் திருவண்ணாமலை பக்கம். தை மாதம் 5-ம் தேதி இங்கே ஆற்றுத் திருவிழா நடக்கும். திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக இந்த ஆற்றுக்கு வருகிறார். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்தும் சாமிகள் வந்து சேரும்.

இந்த ஊரில் இருந்து ஒரு பெண் நர்சிங் முடித்துவிட்டு ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இசை பற்றிப் பேச அவரிடம் என்னென்ன இருக்கின்றன?

சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஆற்று மணலில் கேட்ட நாதஸ்வரமும் தவிலும். ஒரு சாமியின் மேளம் ஓய்வதற்குள் அடுத்த சாமியின் பம்பை தொடங்கிவிடும். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு தாளம். ஒலிபெருக்கியில் அறிவிப்பு, குழந்தைகளின் பீப்பி, எல்லாம் கலந்து ஒரு இரைச்சல். ஆனால் அந்த இரைச்சல் அவரைப் பயமுறுத்தவில்லை, உற்சாகப்படுத்தியது. இது ஒன்றே இரண்டாம் பகுதியின் இரண்டு நிமிடத்துக்குப் போதும்.

சிக்கல் என்னவென்றால், "நாதஸ்வரத்துக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று யோசித்து அங்கேயே நின்றுவிடுவார். நிற்கவே வேண்டாம். நாதஸ்வரம் என்றே சொல்லலாம். சொன்ன கையோடு அரை வரி விளக்கம்: "எ லாங் வுட்டன் விண்ட் இன்ஸ்ட்ருமென்ட், வெரி லவுட், வீ ப்ளே இட் அட் டெம்பிள்ஸ் அண்ட் வெட்டிங்ஸ்." தவிலுக்கு "எ பேரல்-ஷேப்ட் ட்ரம்". பம்பைக்கு "எ பேர் ஆஃப் ட்ரம்ஸ் டைட் டுகெதர்". சரியான வார்த்தை தெரியாதபோது சுற்றி வளைத்துப் புரிய வைக்கும் இந்தத் திறமைக்கும் சொல்வளப் பகுதியில் மதிப்பு உண்டு. தமிழ் வாத்தியத்தின் பெயரைச் சொல்வது பலவீனம் அல்ல, அதை விளக்குவது மார்க் வாங்கித் தரும் வாய்ப்பு. இதைக் கோச்சிங் வகுப்புகளில் அழுத்திச் சொல்வது குறைவு.

அடுத்தது தெருக்கூத்து. விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதம் படிப்பதும் விடிய விடியக் கூத்தும் உண்டு. ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். முகவீணை என்பது நாதஸ்வரம் போலவே இருக்கும் குட்டிக் குழல், சத்தம் மட்டும் கீச்சென்று மேலே ஏறும். கட்டியங்காரன் வந்தால் சிரிப்பு, போர்க்காட்சியில் தாளம் வேகமெடுத்தால் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து உட்காருவார்கள். படுகளத்தில் பாஞ்சாலி அழுதால் முன்வரிசைப் பாட்டிகளும் அழுவார்கள். இசை மூடை மாற்றுமா என்ற கேள்விக்கு ஒரே ராத்திரியில் மூன்று பதில்.

இன்னொன்றும் இருக்கிறது. வட தமிழகத்தில் ஒருவர் இறந்தபின் நடக்கும் காரியத்தில் 'கர்ண மோட்சம்' கூத்து வைப்பது பல ஊர்களில் வழக்கம். துக்க வீட்டில், துக்கமான கதையை, பாட்டாகவே நடத்துகிறார்கள். "சோகத்தில் இருப்பவர்கள் ஏன் சோக இசை கேட்கிறார்கள்?" என்று மூன்றாம் பகுதியில் கேட்டால், யூடியூப் பதிலைவிட இந்த உதாரணம் பல மடங்கு கனமானது. எக்ஸாமினர் இதை இதற்குமுன் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டால், உங்களுக்கும் பேச்சு வரும்.

கூத்தும் மேளமும் கேட்டு வளராதவர்கள் என்ன செய்வது? பஸ் இருக்கிறதே! தனியார் பஸ்ஸில் டிரைவர் போடும் இளையராஜா பாட்டு, காலேஜ் பஸ்ஸின் கடைசி சீட்டில் தட்டிய தாளம், நைட் டியூட்டியில் ஒரு காதில் மட்டும் மாட்டிய இயர்போன். கல்வராயன் மலையில் இருந்து வருபவருக்கு ஊர்த் திருவிழா மேளம். எதுவானாலும், ஒரு இடம், ஒரு நேரம், கூட இருந்த ஒரு ஆள் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் பேச்சு தானாக நீளும்.

முதல் பகுதி பதில் இப்படி அமையலாம். "ஐ யூஷுவலி லிசன் டு ஓல்ட் தமிழ் ஃபிலிம் சாங்ஸ் ஆன் தி பஸ். தே காம் மீ டவுன் ஆஃப்டர் எ நைட் ஷிஃப்ட். பட் இஃப் ஐ ஆம் ஆல்ரெடி அப்செட், ஐ ப்ரிஃபர் சைலன்ஸ்." மூன்றே வாக்கியம். பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் பழக்கம், காரணம், விதிவிலக்கு என்று மூன்றும் இருக்கிறது. மூன்றாவது வாக்கியம்தான் இதில் சுவாரசியமே. பாட்டு எப்போதும் எல்லோருக்கும் மருந்து என்று சொல்வதைவிட, வேலை செய்யாத நேரமும் உண்டு என்று சொல்வது உண்மைக்கும் பக்கம், ஆங்கிலத்துக்கும் நல்லது. 'பட்', 'இஃப்' எல்லாம் வந்தால் இலக்கணப் பகுதிக்கும் உதவும்.

'மூட் அவுட்' ஆனால் மார்க் அவுட்?

இனி வருவது தமிழ் பேசுபவர்களுக்கே உரிய சில வழுக்குப் பாறைகள். இசையும் மூடும் பற்றிப் பேசும்போது இவை அதிகமாகவே வரும். காரணம், இந்த விஷயத்தில் நாம் தினமும் பேசும் தமிழிலேயே ஆங்கில வார்த்தைகள் நிறைய. ஆனால் அவை நம் வீட்டுக்கு வந்தபிறகு அர்த்தம் மாறிவிட்டவை.

முதலில் 'மூட் அவுட்'. "காலையில இருந்தே மூட் அவுட்" என்கிறோம். இது நாமே செய்துகொண்ட ஆங்கிலம். பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ சொன்னால் புரியாது. "ஐ ஆம் இன் எ பேட் மூட்" அல்லது "ஐ ஆம் ஃபீலிங் லோ" என்பதே அங்குள்ள பேச்சு. 'மூடி' என்றால் தமிழில் அமைதியாக ஒதுங்கி இருப்பவர் என்று நினைக்கிறோம். ஆங்கிலத்தில் அது நிமிஷத்துக்கு நிமிஷம் மனம் மாறுபவர், சட்டென்று எரிச்சல்படுபவர்.

'ஃபீலிங்'. "ஒரே ஃபீலிங்கா இருக்கு" என்றால் நமக்கு சோகம். ஆங்கிலத்தில் எந்த ஃபீலிங் என்று சொல்லாவிட்டால் வாக்கியம் முடியவே இல்லை. 'மெலடி'யும் அப்படித்தான். நமக்கு மெலடி என்றால் மெதுவான, இனிமையான பாட்டு. ஆங்கிலத்தில் மெலடி என்பது எந்தப் பாட்டிலும் இருக்கும் மெட்டு. குத்துப் பாட்டுக்கும் மெலடி உண்டு! "ஐ லைக் மெலடி சாங்ஸ்" என்பதற்குப் பதில் "ஐ லைக் ஸ்லோ, ஜென்டில் சாங்ஸ்" என்றால் பிரச்சினை தீர்ந்தது. குத்துப் பாட்டுக்கு "ஃபாஸ்ட் டான்ஸ் நம்பர்ஸ் வித் ஹெவி ட்ரம்ஸ்" என்று விளக்கலாம். 'பிஜிஎம்' என்று சுருக்காமல் "தி பேக்ரவுண்ட் மியூசிக் இன் தி ஃபிலிம்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

'டென்ஷன்'. "ஐ ஆம் டென்ஷன்" என்பது நிச்சயம் தவறு. "ஐ ஆம் டென்ஸ்" அல்லது "ஐ ஆம் ஸ்ட்ரெஸ்ட்".

அடுத்தது 'கேட்பது'. தமிழில் பாட்டையும் கேட்போம், கேள்வியையும் கேட்போம், கடனும் கேட்போம். ஒரே வினைச்சொல். ஆங்கிலத்தில் காதில் தானாக விழுவது 'ஹியர்', கவனம் வைத்துக் கேட்பது 'லிசன் டு'. அந்த 'டு'வை விட்டுவிடக் கூடாது. கோயில் மேளம் வீட்டுக்குள் வந்து விழுந்தால் 'ஹியர்'. நீங்களே போனில் பாட்டுப் போட்டு உட்கார்ந்தால் 'லிசன் டு'. "ஐ ஹியர் மியூசிக் டெய்லி" என்று சொன்னால், யாரோ உங்கள் பக்கத்து வீட்டில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள் என்ற அர்த்தம் வந்துவிடும்.

இதைவிட நுட்பமான ஒன்று, 'கேட்பேன்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. "தினமும் பாட்டு கேட்பேன்" என்று எதிர்கால வடிவத்தில் பழக்கத்தைச் சொல்வது தமிழின் இயல்பு. அதை அப்படியே எடுத்துப்போய் "எவ்ரி டே ஐ வில் லிசன் டு சாங்ஸ்" என்கிறோம். ஆங்கிலத்தில் பழக்கத்துக்குப் பெரும்பாலும் நிகழ்காலம்தான்: "ஐ லிசன்". முதல் பகுதிக் கேள்விகளில் பல பழக்கம் பற்றியவை. ஆக இந்த ஒரு 'வில்' தேர்வு முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து இலக்கண மார்க்கை அரித்துக்கொண்டே இருக்கும். இதை மட்டும் திருத்திக்கொண்டாலே நல்ல பலன் தெரியும்.

கடைசியாக 'இங்' தகராறு. "ஐ ஆம் போரிங்" என்றால் "எனக்கு போர் அடிக்கிறது" என்று அர்த்தமில்லை. "நான் ஒரு அறுவை" என்று அர்த்தம்! பாட்டு 'ரிலாக்ஸிங்', நான் 'ரிலாக்ஸ்ட்'. பாட்டு 'எக்ஸைட்டிங்', நான் 'எக்ஸைட்டட்'. இசையும் உணர்வும் பேசும் பதிலில் இந்த ஜோடி நாலைந்து முறையாவது வரும்.

சரி, நல்ல சொற்கள் எவை? மூட் நல்லதாக மாறினால் "இட் லிஃப்ட்ஸ் மை மூட்", "இட் சியர்ஸ் மீ அப்". பழைய ஞாபகம் வந்தால் "இட் டேக்ஸ் மீ பேக் டு மை சைல்ட்ஹுட்". புல்லரித்தால் "ஐ கெட் கூஸ்பம்ப்ஸ்". கண் கலங்கினால் "இட் மூவ்ஸ் மீ டு டியர்ஸ்". மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் "இட் கெட்ஸ் ஸ்டக் இன் மை ஹெட்". ஆறும் எளிமையானவை, இயல்பாகப் பேசப்படுபவை. ஆறையும் ஒரே பதிலில் அடுக்கினால் மறுபடி மனப்பாட வாசனை வந்துவிடும். உங்கள் கதைக்குப் பொருந்துகிற இரண்டு போதும்.

சோகப் பாட்டை ஏன் கேட்கிறோம்?

மூன்றாம் பகுதியில் "ஐ", "மை" என்று சொந்தக் கதை மட்டும் பேசினால் போதாது. பொதுவாக மனிதர்கள் என்று பேச வேண்டும். இதற்குக் கொஞ்சம் சரக்கு இருந்தால் தைரியம் வரும்.

பாட்டில் நமக்குப் பிடித்த இடம் வரும்போது ஏன் புல்லரிக்கிறது? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் தருணத்தில் மூளையில் டோபமைன் சுரப்பதைப் பதிவு செய்தார்கள். சாப்பாடு போன்ற விஷயங்களில் இன்பம் தரும் அதே ரசாயனம். அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நேரத்திலேயே மூளையின் இன்னொரு பகுதியில் அது தொடங்கிவிடுகிறது. தவில்காரர் தீர்மானம் வைக்கப்போகிறார் என்று தெரிந்து கூட்டம் தலையாட்டத் தயாராகிறதே, அதேதான்.

சோகப் பாட்டு விஷயம் இன்னும் விசித்திரம். 2014-ல் 700-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்ட ஒரு ஆய்வில், சோக இசை கேட்கும்போது அதிகம் பேர் உணர்ந்ததாகச் சொன்னது சோகத்தை அல்ல, பழைய நினைவுகளின் ஏக்கத்தை. ஆங்கிலத்தில் 'நாஸ்டால்ஜியா'. துபாயில் உட்கார்ந்து ஊர்ப் பாட்டு கேட்கும் யாருக்கும் இந்த ஆய்வு தேவையில்லை. ஆனால் தேர்வில் அந்த ஒரு வார்த்தை கைகொடுக்கும்.

"எல்லா நாட்டுக்காரர்களுக்கும் இசை ஒரே உணர்வைத் தருமா?" என்பதும் கேட்கப்படக்கூடிய கேள்வி. ஆப்பிரிக்காவின் கேமரூன் மலைப்பகுதியில் வாழும் மாஃபா மக்களிடம் மேற்கத்திய இசைத் துணுக்குகளைப் போட்டுக்காட்டி 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. அதற்குமுன் அந்த இசையைக் கேட்டே இராத அவர்கள் மகிழ்ச்சி, சோகம், பயம் மூன்றையும் ஓரளவு சரியாகவே அடையாளம் கண்டார்கள். 1999-ல் கனடாவில் இந்துஸ்தானி ராகங்களைப் போட்டுக்காட்டியபோதும், அந்த இசை பழக்கமில்லாதவர்கள் மகிழ்ச்சி, சோகம், கோபத்தைப் பிரித்துச் சொன்னார்கள். அமைதியைக் கண்டுபிடிப்பதில்தான் சிரமப்பட்டார்கள்.

நம் பக்கத்திலும் சொல்வதற்கு இருக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனிப் பறை, தனித்தனி யாழ் என்று தொல்காப்பியம் கருப்பொருள் பட்டியலில் வைத்திருக்கிறது. மலைக்கு ஒரு இசை, வயலுக்கு ஒரு இசை. கர்நாடக இசையில் நீலாம்பரி தாலாட்டுக்கு, முகாரி சோகத்துக்கு என்பது பொது நம்பிக்கை. சங்கீதம் தெரியாதவர்கள்கூட, புலம்புபவரைப் பார்த்து "முகாரி பாடாதே" என்கிறோம். இதை எக்ஸாமினரிடம் சொல்லிப் பாருங்கள்: எங்கள் மொழியில் ஒரு ராகத்தின் பெயரே புலம்பலுக்கு இன்னொரு பெயர் ஆகிவிட்டது என்று.

'மொஸார்ட் கேட்டால் மூளை வளரும்' என்ற பதிலும் அடிக்கடி சொல்லப்படுவதுதான். 1993-ல் 36 கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த சின்ன ஆய்வில் இருந்து கிளம்பிய கதை அது. பலன் பத்து, பதினைந்து நிமிடம்தான் நீடித்தது. 2001-ல் வந்த இன்னொரு ஆய்வு, மாணவர்களின் உற்சாகமும் மூடும் மாறியதே அதற்குக் காரணம் என்றது. மூட் நன்றாக இருந்தால் கணக்கு கொஞ்சம் நன்றாக வரும், அவ்வளவுதான்.

இந்த ஆண்டுகளையும் எண்களையும் தேர்வில் ஒப்பிக்க வேண்டாம். "ரிசர்ச் சஜஸ்ட்ஸ் தட்..." என்று ஆரம்பித்து ஒரு வரி, அதன் பின்னால் உங்கள் ஊர் உதாரணம் ஒன்று. கர்ண மோட்சத்தை வையுங்கள், துக்கத்தைத் தனியாக அனுபவிப்பதற்கும் ஊரே சேர்ந்து கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லுங்கள். அதற்குள் உங்கள் நேரம் முடிந்திருக்கும்.

உச்சரிப்பில் இரண்டே விஷயம்

தமிழ் வாடைக்கு மார்க் குறைப்பதில்லை. புரியாவிட்டால்தான் குறையும். 'மியூசிக்' என்பதில் நடுவில் வருவது பாம்பு சீறுகிற 'ஸ்' அல்ல, வண்டு ரீங்கரிப்பது போன்ற அதிரும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்தே இல்லை என்பதால் வாயில் பழக்க வேண்டும். இன்னொன்று அழுத்தம். 'மியூசிக்' என்னும்போது அழுத்தம் முதல் அசையில். 'மியூசிஷியன்' என்றால் அது நடு அசைக்கு நகர்ந்துவிடும். போனில் டிக்‌ஷனரி ஆப் ஒலியைக் கேட்டு ஐந்து நிமிடம் பழகினால் வந்துவிடும்.

மார்க் குறைந்தால் என்ன வழி?

பேசிக்கொண்டிருக்கும்போது எக்ஸாமினர் நடுவில் நிறுத்தினால் பதற வேண்டாம். நேரக் கட்டுப்பாடு காரணமாக எல்லோரையும் நிறுத்துவார். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம், அதற்கு மார்க் குறையாது. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் பொதுவாக இரண்டு ஆண்டுக்குச் செல்லும்.

பிரிட்டன் நர்சிங் கவுன்சில் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்ட அனுமதிக்கிறது. ஆனால் எந்தத் தேர்விலும் ஸ்பீக்கிங் 6.5-க்குக் கீழே போகக் கூடாது. லிசனிங், ரீடிங்குக்கும் அதே 6.5, ரைட்டிங்குக்கு 6. மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வையும் கவுன்சில் ஏற்கிறது. அதில் ஸ்பீக்கிங் என்பது நோயாளியிடம் பேசுவது போன்ற சூழல்கள்தான், பாட்டு பற்றிய அட்டை வராது. ஜெர்மனிக்கு நர்ஸாகப் போக நினைப்பவர்களுக்கு இந்தத் தேர்வே வேண்டாம், அங்கே கேட்பது ஜெர்மன் மொழி. கம்ப்யூட்டரில் ஐஇஎல்டிஎஸ் எழுதியவர்கள் ஒரே ஒரு திறனை மட்டும் மறுபடி எழுதும் வசதியும் இருக்கிறது. எல்லா நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை, பணம் கட்டும் முன் நீங்கள் போகும் இடத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மதிப்பெண் நியாயமில்லை என்று தோன்றினால் மறுமதிப்பீடு கேட்கலாம். தேர்வு நடந்த தேதியில் இருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறையில் ஓடிய ரெக்கார்டர் இதற்குத்தான். வேறொரு எக்ஸாமினர் உங்கள் குரலை முதலில் இருந்து கேட்டு மார்க் போடுவார். மார்க் உயர்ந்தால் மறுமதிப்பீட்டுக்குக் கட்டிய பணம் திரும்ப வந்துவிடும்.